சிவப்பு ஜன்னலில் எட்டு

கேமராவின் முதுகில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சிவப்பு ஜன்னல் இருந்தது. அடுத்து எடுக்க வேண்டிய படம் எத்தனையாவது என்று காட்டுகிற ஜன்னல் அது. அதற்குள் எட்டு என்ற எண் தெரிந்தது. சர்வேயரம்மா அதை மூன்று தடவை பார்த்தார். பிறகு மேசைமேல் கிடந்த குறிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து அதையும் மூன்று தடவை பார்த்தார். சோடாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"மேடம், அது எட்டுதான். என் கண்ணுக்கே தெரியுதுன்னா பாத்துக்கங்க."

சோடாவுக்கு அந்தப் பெயர் வந்ததே கண்ணாடியின் தடிமனால்தான். நாற்பது வயதாகிவிட்டது. சர்வேயரம்மாவிடம் சேர்ந்து ஆறு வருடம். கார் ஓட்டுவது, கதவு தட்டுவது, யாரும் கேட்காமலே கிண்டல் செய்வது, இந்த மூன்றும் அவன் வேலை. சர்வேயரம்மா அதற்கு முன்பு இன்ஷூரன்ஸில் விபத்து வண்டிகளைப் பார்த்து மதிப்புப் போட்டவர். இருபத்திரண்டு வருடம் வண்டிக்காரர்களின் பொய்யைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்து, கடைசியில் துப்பறிவதையே தொழிலாக்கிக்கொண்டார்.

"நோட்டுல ஆறுதான் இருக்கு" என்றார் அவர்.

"அதனால?"

"ஜன்னல்ல எட்டு இருக்கு. நடுவுல ஒண்ணு எங்க போச்சு?"

எதிரே உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் வாட்சைப் பார்த்தார். அவருக்கு சர்வேயரம்மாவைப் பிடிக்காது. ஆனால் கொஞ்சம் பயம் உண்டு. முன்பு இரண்டு வழக்கில் இவர் சொன்னதைக் கேட்காமல் மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம்.

இன்ஸ்பெக்டரைப் பொறுத்தவரை இது முடிந்த வழக்கு. பழைய டிராக்டர், கதிரடிக்கும் இயந்திரம், துருப்பிடித்த டிரெய்லர் என்று எங்கே எது கிடந்தாலும் போய்ப் படம் எடுக்கிற பைத்தியமாக ஒரு போட்டோக்காரர் இருந்தார். எடுப்பதும் பழைய ஃபிலிம் கேமராவில்தான். ஒன்பது நாளுக்கு முன்னால் மெக்கானிக் ஒருவரின் கொட்டகைக்குப் பின்னால், சரிவில் நின்ற டிராக்டர் உருண்டு அவர்மேல் ஏறிவிட்டது. சக்கரத்துக்குக் கொடுத்திருக்க வேண்டிய முட்டுக்கட்டை இருபதடி தள்ளி, கொட்டகைச் சுவரோரம், மற்ற கட்டைகளோடு வரிசையாக இருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்புதான் இருவருக்கும் வாய்ச்சண்டை நடந்திருக்கிறது. மெக்கானிக் அந்த டிராக்டரைப் பழைய இரும்புக்குப் போடப் போகிறேன் என்றான், போட்டோக்காரர் கூடாது என்றார். வேண்டுமென்றே கட்டை வைக்காமல் வண்டியை நிறுத்திவிட்டு, பதினொரு மணிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் இரண்டு மணி வரைக்கும் நாலு பேர் பார்க்க உட்கார்ந்திருந்தான் என்பது இன்ஸ்பெக்டரின் கணக்கு. நாளைக் காலை கோர்ட்டில் கொலைக் குற்றம் சுமத்தப் போகிறார்கள்.

முந்தின நாள் மெக்கானிக்கின் தங்கை வந்து சர்வேயரம்மாவைப் பார்த்தாள். கொட்டகை வேலையில் பாதி அவள் செய்வது. நகக்கண்ணில் கிரீஸ் போகாமலே இருந்தது. அவள் அழுது ஊரைக் கூட்டவில்லை. "எங்கண்ணன் டயர் இல்லாத வண்டிக்கே கட்டை வைக்கிறவன். அவனைப் போய் இப்படிச் சொல்றாங்களே" என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் சர்வேயரம்மா இதில் கை வைத்தார்.

"நோட்டைப் பாருங்க" என்று இன்ஸ்பெக்டர் பக்கம் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி. எண், மணி, எந்த வண்டி, எவ்வளவு வெளிச்சம். கடைசி வரி ஆறு, பன்னிரண்டு மணி பத்து நிமிடம். "ஒரு புள்ளிகூட விடாம எழுதற மனுஷன். ஏழாவதை மட்டும் ஏன் எழுதல?"

"கான்ஸ்டபிள் யாராவது திருகியிருப்பான்."

"உங்க மகஜர்லயே எட்டுன்னு இருக்கு. அங்கேயே பாத்து எழுதியிருக்கீங்க. ஆனா உள்ள என்ன இருக்குன்னு மட்டும் யாரும் பாக்கல."

கழுவ ஆள் இல்லை என்றார் இன்ஸ்பெக்டர். உண்மைதான். இந்தக் காலத்தில் ஃபிலிம் கழுவுகிற இடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது செத்தவரின் ஸ்டூடியோ. கழுவுகிறவர் அவர் மனைவி.

"அப்ப கிளம்புங்க" என்று எழுந்தார் சர்வேயரம்மா.

ஸ்டூடியோ ஒரு தையல் கடைக்கும் பேட்டரிக் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்தது. உள்ளே நுழைந்ததும் சோடா சுவரைப் பார்த்து நின்றுவிட்டான். நாற்பத்தோரு படம். அவன் எண்ணியே பார்த்தான். அத்தனையும் வண்டிகள். முன்சக்கரம் கழன்ற டிராக்டர், கூரை இல்லாத அறுவடை இயந்திரம், புல் முளைத்த டிரெய்லர். ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர் எழுதியிருந்தது. கிழவி, ஒத்தைக்கண்ணன், மூணுகாலு, மகராணி. மனித முகம் ஒன்றுகூட இல்லை. ஸ்டூடியோவில் முகம் இல்லாதது விநோதமாக இருந்தது. சட்டங்களின் ஓரத்தில் பழைய ஆணிகளும் வெளிறிய சதுரங்களும் தெரிந்தன. அங்கே முன்பு வேறு படங்கள் மாட்டியிருந்திருக்கிறார்கள்.

"எல்லா வண்டியும் நம்மளவிட நல்லா சாப்பிட்ட மாதிரி இருக்கு மேடம்" என்றான் சோடா மெதுவாக. சர்வேயரம்மா அவனை ஒரு பார்வை பார்த்தார். துக்க வீடு என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

ஸ்டூடியோக்காரம்மா உள்ளேயிருந்து வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த உடம்பு, மருந்து பட்டுப் பழுப்பேறிய விரல்கள். முகத்தில் அழுத களை இல்லை, அழாத களையும் இல்லை. இன்ஸ்பெக்டர் விஷயத்தைச் சொன்னார். அவர் மறுக்கவில்லை. கேமராவை வாங்கித் திருப்பினார். சிவப்பு ஜன்னலைப் பார்த்ததும் ஒரு கணம் கை நின்றது. பிறகு கடைசிவரை சுற்றி, சுருளை எடுத்து ஒட்டுத்தாளை ஒட்டிக்கொண்டு, "இருட்டறை சின்னது, ரெண்டு பேருக்கு மேல கூட வர முடியாது" என்றார். இன்ஸ்பெக்டர் வாடிக்கையாளர் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

அந்த இருட்டு சோடாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சினிமாவில் பார்த்த மாதிரி சிவப்பு விளக்கு இருக்கும் என்று நினைத்திருந்தான். இந்த ஃபிலிமுக்கு அதுவும் ஆகாதாம். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். மருந்து வாடை மூக்கைப் பிடுங்கியது. காகிதம் உரிகிற சத்தமும், ஃபிலிமைச் சுருளில் ஏற்றுகிற மெல்லிய சரசரப்பும் மட்டும் கேட்டன.

அந்த இருட்டுக்குள் சர்வேயரம்மாவின் குரல், ஏதோ பொழுது போகாமல் கேட்பதுபோல் கேட்டது.

"உங்க வீட்டுக்காரர் ஃபிலிமை எப்ப சுத்துவார்? எடுக்கறதுக்கு முன்னாடியா, எடுத்த பிறகா?"

ஒரு சிரிப்புச் சத்தம். கசந்துபோன சிரிப்பு.

"முன்னாடிதான். முப்பது வருஷமா எங்களுக்கு இதே சண்டை. எடுத்ததும் சுத்தி வச்சா ஃபிலிம் உள்ள தொய்ஞ்சிடுமாம், படம் கூர்மையா வராதாம். அடுத்த படம் எடுக்கப் போற நிமிஷத்துலதான் சுத்துவார். பாதி நாள் அதையும் மறந்துடுவார். ஒரு கல்யாணத்துல ரெண்டு படம் ஒண்ணுமேல ஒண்ணு விழுந்து, மாப்பிள்ளை முகத்துமேல வாசக் கதவு வந்துடுச்சு. அந்த வீட்டுக்காரங்ககிட்ட திட்டு வாங்கினது நான்."

"நீங்க எப்படி?"

"ஸ்டூடியோவுல பிறந்து வளர்ந்தவ நான். இது எங்கப்பா கடை. எடுத்த கையோட சுத்திடணும், இல்லன்னா அப்பா விரல்லயே அடிப்பார். இப்ப நான் நினைக்கக்கூட வேண்டாம், கை தானா..."

பேச்சு பாதியில் நின்றது. சரசரப்பும் நின்றது. பிறகு சுவரில் ஏதோ உரசியது, விரல்கள் தடவுகிற மாதிரி. அதுவும் நின்றது. கடைசியில் ஃபிலிம் கழுவுகிற டப்பாவின் மூடி திருகுகிற சத்தம் கேட்டு, விளக்கு எரிந்தது. ஸ்டூடியோக்காரம்மா சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். மூடிய டப்பா இன்னொரு கையில் இருந்தது.

"பதினோரு நிமிஷம் ஆகும்" என்றார். டெவலப்பர் மருந்தின் சூட்டை அளந்து, கொஞ்சம் தண்ணீர் சேர்த்து, மறுபடியும் அளந்தார்.

சர்வேயரம்மா சோடாவை வெளியே அழைத்துப் போய்க் காதில் ஒரு வேலை சொன்னார். பக்கத்துத் தையல் கடையில் போய், அன்றைக்கு மத்தியானம் ஸ்டூடியோ திறந்திருந்ததா என்று கேட்டு வர வேண்டும். ஸ்டூடியோக்காரம்மா அன்று நாள் முழுக்கக் கடையில்தான் இருந்ததாகப் போலீசில் சொல்லியிருந்தார். யாரும் அதைச் சரிபார்க்கவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவரிடம் அதையெல்லாம் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை.

தையல்காரருக்கு சும்மா கேட்டால் வாய் திறக்காது என்று சோடா சட்டைப் பொத்தான் ஒன்றைத் தானே பிய்த்துக்கொண்டு போனான். பொத்தான் தைத்து முடிவதற்குள் விஷயம் வந்துவிட்டது. அன்று ஒருத்தர் பாஸ்போர்ட் படம் எடுக்க வந்து, ஸ்டூடியோ பூட்டியிருந்ததால் தையல் கடையிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து உயிரை எடுத்திருக்கிறார். அந்தம்மா பதினொன்றரைக்குச் சாப்பாட்டு டப்பாவோடு ஸ்கூட்டரில் போனாராம். வரும்போது ஒன்றே முக்கால். டப்பாவைத் திறக்காமலே கொண்டுவந்திருந்தார், குழம்பு வழியவே இல்லை என்பதுவரை தையல்காரருக்குத் தெரிந்திருந்தது.

சோடா திரும்பி நடந்தபோது கிண்டல் ஒன்றும் நாக்கில் வரவில்லை. இதற்குள் அவனுக்கும் பாதி புரிந்துவிட்டது. புரியாமலிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

ஃபிலிம் கம்பியில் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால் வெள்ளை விளக்கு. இன்ஸ்பெக்டரும் எழுந்து வந்து நின்றார். ஒன்று முதல் ஆறு வரை வண்டிகள். எட்டு முதல் பன்னிரண்டு வரை வெறும் கண்ணாடி மாதிரி, ஒன்றுமே இல்லை. ஏழில் ஒரு ஆள் இருந்தார்.

நெகட்டிவில் கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் இருந்தாலும் அடையாளம் தெரிந்தது. டிராக்டரின் முன்பக்கத்தில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, முழங்கால்மேல் தொப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் போட்டோக்காரர். சர்வேயரம்மா பூதக்கண்ணாடியைப் பின்சக்கரத்தின்மேல் வைத்து இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார்.

"என்ன தெரியுது?"

இன்ஸ்பெக்டர் நீண்ட நேரம் பார்த்தார். "முட்டுக்கட்டை" என்றார். "கயிறு கட்டினது."

"மணி பன்னிரண்டு பத்துக்கு ஆறாவது படம். அதுக்கப்புறம் இது. கட்டை அதோட இடத்துல இருக்கு. மெக்கானிக் பதினோரு மணிக்கே போயிட்டான்னு உங்க சாட்சிங்களே சொல்றாங்க. கட்டை வச்சுட்டுதான் போயிருக்கான். அப்புறம் வந்து யாரோ எடுத்திருக்காங்க."

இன்ஸ்பெக்டர் லேசில் விடுகிற ஆள் இல்லை. போட்டோக்காரர் தானாகவே எடுக்கிற விசையை வைத்துவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்திருக்கலாமே என்றார். இந்தக் கேமராவில் அந்த விசையே கிடையாது என்று சர்வேயரம்மா காட்டினார். சரி, வேறு யாரோ எடுத்த பிறகு போட்டோக்காரரே எழுந்து வந்து எட்டுக்குச் சுற்றியிருக்கலாமே என்றார். மகஜரில் செத்தவர் எப்படிக் கிடந்தார் என்று எழுதியிருக்கிறது என்று சர்வேயரம்மா கேட்டார். இன்ஸ்பெக்டருக்கு அது மனப்பாடம். காலை நீட்டி உட்கார்ந்த வாக்கிலேயே நசுங்கி, தொப்பி மடியில்.

"அவர் எழுந்திருக்கவே இல்ல. படம் எடுத்தவங்கதான் எட்டுக்குச் சுத்தியிருக்காங்க. எடுத்த கையோட. நினைக்காமலே."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. கம்பியிலிருந்து தண்ணீர் தட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. ஸ்டூடியோக்காரம்மா ஒரு துணியை எடுத்து ஃபிலிமின் நுனியில் நின்ற சொட்டைத் துடைத்தார்.

"காஞ்சா கறை விழும்" என்றார்.

சோடாவுக்குத் தாங்கவில்லை. "நீங்க இருட்டுல சுவிட்சைத் தேடினீங்க. ஃபிலிம் கையில வெளியில இருந்துச்சு. போட்டிருந்தா எல்லாம் வெளுத்துப் போயிருக்கும். ஏன் போடல?"

"விரல் சுவிட்சு மேலதான் இருந்துச்சு" என்றார் அவர். "எடுத்த ஃபிலிமை வெளிச்சத்துல காட்ட கை வரல. அன்னைக்கே கேமராவைத் திறந்து உருவிப் போட்டிருக்கலாம். அன்னைக்கும் வரல. என் வாழ்க்கையில ஒரு சுருளைக்கூட நான் கெடுத்ததில்ல."

இன்ஸ்பெக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சர்வேயரம்மா கையமர்த்தினார். ஸ்டூடியோக்காரம்மா நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துப் பேசினார். அழவில்லை, கத்தவில்லை. வாடிக்கையாளரிடம் எத்தனை பிரதி வேண்டும் என்று கேட்கிற குரல்தான்.

அன்றைக்குப் புருஷன் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போயிருக்கிறார். கொண்டுபோனால் வா என்றுகூடச் சொல்லவில்லை. டிராக்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, இந்த வண்டியோடு என்னை ஒன்று எடு, நாளைக்கு இதை வெட்டிவிடுவான் என்றிருக்கிறார். இவர் எடுத்தார்.

"கை பாட்டுக்கு சுத்திடுச்சு. ஜன்னல்ல எட்டு வந்துச்சு. சரி, சுத்தினது சுத்தியாச்சு, இதுல என்னை ஒண்ணு எடுங்களேன்னு கேட்டேன். முப்பது வருஷத்துல அந்தக் கேமரா முன்னாடி நான் நின்னதே இல்ல. எங்க கல்யாணப் படம்கூட அப்பா எடுத்தது. இந்த இரும்புக்கெல்லாம் ஆசையா பேர் வச்சார். என்னை 'இங்க பாரு'ன்னுதான் கூப்பிடுவார்."

"அவர் என்ன சொன்னார்?"

"இன்னும் அஞ்சுதான் இருக்கு, ரெண்டு வண்டி பாக்கி, உன்னை எடுத்து என்ன பண்றதுன்னார். சிரிக்கக்கூட இல்ல. கோபமும் இல்ல. மழை வருமான்னு கேட்டா சொல்ற மாதிரி சொல்லிட்டுக் கண்ணை மூடிகிட்டார். அந்தக் கயிறு என் காலடியில இருந்துச்சு. ரெண்டு கையாலயும் இழுத்தேன்."

கட்டையைக் கொண்டுபோய்ச் சுவரோரம் மற்ற கட்டைகளோடு வைத்திருக்கிறார். எடுத்த பொருளை எடுத்த மாதிரி வைப்பதும் அப்பா சொல்லிக் கொடுத்ததுதான். அந்த ஒழுங்குதான் ஒரு மனிதனை ஒன்பது நாள் கம்பிக்குள் வைத்திருந்தது.

அதை சர்வேயரம்மா கேட்டே விட்டார். மெக்கானிக் என்ன பாவம் செய்தான் என்று.

"ஒண்ணும் பண்ணல. நான் அவன் பேரை எங்கயும் சொல்லல, அவங்களா பிடிச்சாங்க. நான் சும்மா இருந்தேன். அவன் தங்கச்சி இங்க வந்து என் கையைப் பிடிச்சுகிட்டு, எங்கண்ணன் பண்ணலம்மான்னு சொன்னா. டீ போட்டுக் கொடுத்தேன். குடிச்சுட்டுப் போனா. அதுதான் எனக்குத் தூக்கத்துல வருது. அவர் வரல."

ஜெயித்த வழக்குகளில் சர்வேயரம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்று சோடாவுக்குத் தெரியும். இன்றைக்கு அந்த முகம் இல்லை. கிளம்பும்போது ஸ்டூடியோக்காரம்மா ஃபிலிமை நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தார். ஏழாவது படத்தைப் பார்க்கவில்லை. அதற்கு அடுத்திருந்த வெறும் கட்டத்தைத்தான் பார்த்தார். கடையைப் பூட்டிச் சாவியை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தார்.

ஸ்டேஷனில் எழுத்து வேலை முடிய நாலு மணியாகிவிட்டது. மெக்கானிக்கை விடுவிக்க நாளைக் காலை கோர்ட்டில் இன்ஸ்பெக்டரே மனுப் போடுவதாகச் சொன்னார். அண்ணன் நாளைக்கு வீட்டுக்கு வந்துவிடுவான் என்று தெரிந்ததும் தங்கை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, அதுவரை அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். யார் செய்தது என்று கேட்டாள். சர்வேயரம்மா சொன்னதும் அழுகை சட்டென்று நின்றது. "டீ கொடுத்தாங்களே" என்றாள்.

உள்ளே கைதிகளைப் படம் எடுக்கிற மூலை இருந்தது. சுண்ணாம்புச் சுவர், சுவரில் உயரம் அளக்கக் கோடுகள், ஒரு ட்யூப்லைட். கான்ஸ்டபிள் சின்ன டிஜிட்டல் கேமராவைத் தூக்கிக்கொண்டு ரொம்பக் கிட்டே போனார்.

"கொஞ்சம் பின்னாடி போங்க தம்பி" என்றார் ஸ்டூடியோக்காரம்மா. "இவ்வளவு கிட்ட எடுத்தா மூக்கு பெருசா விழும். அந்த ஜன்னலைத் திறந்துடுங்க, வெளிச்சம் ஒரு பக்கமா வரட்டும்."

கான்ஸ்டபிள் என்ன செய்வதென்று தெரியாமல் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். ஜன்னல் திறந்தது. ஸ்டூடியோக்காரம்மா நெற்றி முடியை ஒதுக்கி, தோளை நேராக்கி, நம்பர்ப் பலகையை மார்புக்குக் கீழே கோணாமல் பிடித்துக்கொண்டார். முகவாயை லேசாக இறக்கினார். இருட்டறையில் சிரித்த கசப்பு அந்த முகத்தில் இல்லை.

வாசலில் நின்றிருந்த சோடா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான். அதில் தூசி ஒன்றும் இல்லை.

படம் விழுந்தது. சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் ஸ்டூடியோக்காரம்மா. கான்ஸ்டபிள் காட்டினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்றார்.

"பக்கவாட்டுலயும் ஒண்ணு எடுக்கணும்மா" என்றார் கான்ஸ்டபிள் தயக்கத்தோடு.

"எடுங்க" என்று திரும்பி நின்றார் அவர். "எத்தனை வேணும்னாலும் எடுங்க."